எங்கள் ஞாயிறு வகுப்பில் பர்னபா

எங்கள் சபைப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கலாத்தியர் 5:22-ஐச் சொல்லிவிடுவார்கள். அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம் என்று மூச்சுவிடாமல் வரும். பாலர் வகுப்பிலிருந்தே வசனப் போட்டிக்காகப் படித்தது. தூத்துக்குடி மாவட்டத்தில், செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரின் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை எங்களுடையது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிற பெரிய பிள்ளைகளின் ஞாயிறு வகுப்பைப் பல வருடமாக நடத்தி வருகிறேன். ஆவியின் கனி என்று அந்த வசனப்பகுதி அடுக்குகிற குணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினால் அன்புக்கும் பொறுமைக்கும் இச்சையடக்கத்துக்கும் உடனே உதாரணம் சொல்வார்கள். நற்குணத்துக்கு வந்ததும் வகுப்பு அமைதியாகிவிடும். வற்புறுத்திக் கேட்டால், "பொய் சொல்லக்கூடாது", "கெட்ட வார்த்தை பேசக்கூடாது", "அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசக்கூடாது", "ரொம்ப போன் பார்க்கக்கூடாது" என்று வரும்.

எல்லாமே கூடாது, கூடாது. இதில் பிள்ளைகள்மேல் குற்றமில்லை. "அவன் ரொம்ப நல்ல பையன், இருக்கிற இடமே தெரியாது" என்று பெரியவர்கள் பாராட்டுவதைக் கேட்டுத்தானே வளர்கிறார்கள்? எதிலும் மாட்டாமல் இருப்பதுதான் நல்லவனாக இருப்பது என்று பதினைந்து வயதில் மனதில் பதிந்துவிட்டால் அதில் இரண்டு ஆபத்து இருக்கிறது. எதிலும் மாட்டாத பிள்ளை, தான் ஏற்கெனவே நல்லவன்தான் என்று நிம்மதியாகிவிடுகிறது. ஒருமுறை மாட்டிய பிள்ளை, இனி நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒதுங்கிவிடுகிறது. சுவிசேஷம் இரண்டு பேர் காதிலும் ஏறாது.

அதனால் நற்குணப் பாடத்தை யாக்கோபு 4:17-ல் தொடங்குவேன். "ஒருவன் நன்மைசெய்ய அறிந்தவனாயிருந்தும், அதைச் செய்யாமற்போனால், அது அவனுக்குப் பாவமாயிருக்கும்." இதை வாசித்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருப்பேன். செய்யாமல் விட்டதும் கணக்கில் வரும் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி. அதற்கப்புறம் ஆதி சபையைச் சேர்ந்த பர்னபாவிடம் போவோம்.

வேதாகமம் ஒரு மனிதரை நேராகச் சுட்டி நல்லவன் என்று சொல்கிற இடங்கள் அதிகமில்லை. அப்போஸ்தலர் 11:24 பர்னபாவைப் பற்றி, "அவன் நல்லவனும், பரிசுத்த ஆவியினாலும் விசுவாசத்தினாலும் நிறைந்தவனுமாயிருந்தான்" என்கிறது. அப்படிச் சொல்லும்படி அவர் என்னதான் செய்தார் என்று கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுவேன். வகுப்பை நாலு குழுவாகப் பிரித்து ஆளுக்கொரு பகுதி. அப்போஸ்தலர் 4:36, 37 ஒரு குழுவுக்கு. 9:26 முதல் 28 வரை இன்னொன்றுக்கு. 11:22 முதல் 26 வரை மூன்றாவது. 15:36 முதல் 39 வரை கடைசிக் குழுவுக்கு. தாளில் எழுத வேண்டியது இரண்டே விஷயம்: பர்னபா யாருக்காக என்ன செய்தார், அதனால் அவருக்கு என்ன நஷ்டம் வந்திருக்கலாம்.

முதல் குழுவுக்கு வேலை சுலபம். சீப்புரு தீவைச் சேர்ந்தவர், நிலத்தை விற்று, பணத்தை அப்போஸ்தலர் பாதத்தில் வைத்தார், அவ்வளவுதான். இரண்டாவது குழுவில்தான் பேச்சு சூடு பிடிக்கும். பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்ட சவுல் எருசலேமுக்கு வந்து சீஷரோடு சேர்ந்துகொள்ளப் பார்க்கிறார், எல்லோருக்கும் பயம். பயப்படாமல் என்ன செய்வார்கள்? விசுவாசியான ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது சாட்சிக்காரர் கழற்றி வைத்த வஸ்திரங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஆள். வீடு வீடாக நுழைந்து ஆண்களையும் பெண்களையும் இழுத்துக்கொண்டுபோய்ச் சிறையில் போட்டவர். அந்த ஆளைப் பர்னபா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு அப்போஸ்தலரிடம் வருகிறார். "ஒருவேளை சவுல் நடிச்சிருந்தா, பர்னபாவோட சேர்த்து எல்லாரும் ஜெயிலுக்குப் போயிருப்பாங்களே அக்கா" என்று ஒரு மாணவி கேட்டாள். ஆமாம். அந்த ஆபத்து தெரிந்தேதான் பர்னபா தன் பெயரை அடமானம் வைத்தார். பின்னால் அந்தியோகியா சபை வளர்ந்தபோது, தர்சு பட்டணம் வரைக்கும் தேடிப்போய் அதே சவுலைக் கூட்டி வந்ததும் அவர்தான்.

15-ஆம் அதிகாரம் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அதில் சண்டை இருக்கிறது. முந்தின ஊழியப் பயணத்தில் பாதி வழியில் விட்டுவிட்டுத் திரும்பிப் போன மாற்கு என்னும் யோவானை மறுபடி கூட்டிப்போக வேண்டும் என்கிறார் பர்னபா. கூடாது என்கிறார் பவுல். கடுங்கோபம் மூண்டு இருவரும் பிரிந்தே போகிறார்கள். "இவ்வளவு கோபப்பட்டவர் எப்படி அக்கா நல்லவர்?" என்ற கேள்வி எல்லா வருடமும் வரும். இந்தக் கேள்விக்கு நான் அவசரப்பட்டுப் பதில் சொல்வதில்லை. அவர் யாருக்காகக் கோபப்பட்டார் என்று மட்டும் திருப்பிக் கேட்பேன். ஒரு முறை சொதப்பியவனுக்கு மறுபடி இடம் வேண்டும் என்பதற்காக, சபையிலேயே பெரிய ஆளோடு மோதுகிறார். பல வருடம் கழித்து அதே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்கிறார். 2 தீமோத்தேயு 4:11. இந்த வசனத்தைக் கடைசியில், ஒரு மாணவனைவிட்டு எழுந்து நின்று வாசிக்கச் சொல்வேன். வகுப்பில் சத்தமே இருக்காது. அந்த வயதில் எல்லோரும் ஏதோ ஒன்றில் பாதி வழியில் திரும்பி வந்தவர்கள்தானே.

இந்தப் பாடம் ஏட்டோடு நிற்காமல் எங்கள் சபைக்குள்ளேயே நடந்த ஒரு வருடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுப்பின் பண்டிகை ஏலம் எங்கள் பக்கம் எப்படி நடக்கும் என்பது தெரிந்திருக்கும். வாழைத்தார், பூசணி, முட்டை, சேவல், கருப்பட்டி என்று காணிக்கையாக வந்ததெல்லாம் கோயில் முற்றத்தில் ஏலம் போகும். பொருளைத் தூக்கிக் காட்டுவதும் பணத்தை வாங்கிக் கொடுப்பதும் பெரிய பையன்கள்தான். அந்த வருடம் ஒரு பையன் ஏலப் பணத்தில் கொஞ்சம் எடுத்துவிட்டான். தெரிந்துவிட்டது. அப்பா மறுநாளே கொண்டுவந்து கட்டிவிட்டார், கமிட்டியும் அதோடு பேச்சை முடித்துவிட்டது. ஆனால் ஊர் முடிக்கவில்லை. டிசம்பரில் வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸுக்கு அவனைக் கூப்பிடவில்லை, காணிக்கை டப்பா கூடவே போகுமே என்று. அவன் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிற அம்மாமார் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் ஞாயிறு வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

அப்போது எங்கள் வகுப்பில் பர்னபா பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு மாணவி கையைத் தூக்கி, "நம்ம சபையில அவனுக்குப் பர்னபா யாருக்கா?" என்று கேட்டாள். யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை. நான் ஒரு பெயரைச் சொல்லி அந்தக் கேள்வியை மூடிவிடவும் இல்லை. கேள்வி வகுப்பிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு ஜெபித்து முடித்தோம்.

அந்தக் கேள்வியை அவள் வீட்டுக்குப் போகிற வழியில் கோயில்பிள்ளைத் தாத்தாவிடமும் கேட்டிருக்கிறாள். கோயில்பிள்ளை என்றால் மணியடித்து, கதவு திறந்து, கூட்டிப் பெருக்கிக் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர். அந்த வாரமே தாத்தா அந்தப் பையன் வீட்டுக்குப் போய், "எனக்கு முழங்கால் முடியல, காலைல வந்து கூட நில்லு" என்று கூட்டி வந்துவிட்டார். முதல் வேலை பாட்டு எண் பலகை. அன்றைய ஆராதனையின் ஞானப்பாட்டு, கீர்த்தனை எண்களை மர எண்களாகத் தேடி எடுத்து வரிசையாகச் செருக வேண்டும். அவன் 6-ஐயும் 9-ஐயும் கையில் வைத்துக்கொண்டு, எது எதுவென்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, தாத்தா சாவிக்கொத்தையே அவனிடம் கொடுத்துவிட்டார். காணிக்கைப் பை வைக்கிற வெஸ்ட்ரி அறைச் சாவியும் அதில்தான் இருக்கும். கமிட்டியில் ஒருவர் தாத்தாவைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "நான் பொறுப்பு. குறைஞ்சா என் சம்பளத்துல பிடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பிறகு ஒருநாள் தாத்தாவை வகுப்புக்கு அழைத்து வந்து உட்கார வைத்தோம். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். பெரிய சாட்சியாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார்கள். அவர் யோசித்துவிட்டு, "கதவத் திறக்கச் சொன்னேன். சாவி இல்லாம எப்படித் திறப்பான்?" என்றார். அவ்வளவுதான் பதில். நான் மாதக்கணக்கில் பேசியதைவிட அந்த ஒரு பதிலைத்தான் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த வருடத்துக்கு அப்புறம் எங்கள் சபையில் காணிக்கையோ ஏலப் பணமோ எதுவானாலும் இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிற பழக்கம் வந்தது. பெரியவர்களுக்கும் அதே விதி. ஒருவனை நம்புவதும் பணத்தை ஒழுங்காக எண்ணுவதும் ஒன்றுக்கொன்று எதிர் இல்லை. நம்புகிறேன் பேர்வழி என்று ஒரு பிள்ளையைத் தனியாகப் பணத்தோடு விட்டு, என்ன செய்கிறான் என்று மறைந்திருந்து பார்ப்பதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது பொறி வைப்பது.

அந்தப் பையன் இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பலகையில் எண் போடுவது அவன்தான். கைப்பையை மடிக்கு எடுக்கிறவர்கள் இன்னும் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஞாயிறு வகுப்பு எடுக்கிற மற்ற ஊர் ஆசிரியர்கள் என்னிடம் கேட்பது, பிள்ளைகளை நேரடியாக நற்கிரியையில் ஈடுபடுத்துவது எப்படி என்பதுதான். முதியோர் இல்லத்துக்கு வருடத்துக்கு ஒருமுறை வேன் பிடித்துப் போய்ப் பழமும் பிரெட்டும் கொடுத்து, பாட்டுப் பாடி, படம் எடுத்துத் திரும்புவதைப் பல இடங்களில் செய்கிறார்கள். போகட்டும், ஒன்றும் தப்பில்லை. ஆனால் அந்தப் பயணத்தில் பிள்ளைக்கு ஒருவர் பெயர்கூட நிற்பதில்லை. பதின்வயதுக்கு ஒரு மனிதர் வேண்டும், ஒரே மனிதர், திரும்பத் திரும்ப.

எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. பிள்ளைகள் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வளைகுடாவிலோ இருக்க, ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிற ஆச்சி, தாத்தாக்கள் தெருவுக்கு நாலு பேர். இரண்டு இரண்டு பேராக ஒரு வீடு. ஆராதனை முடிந்து போக வேண்டும். கதவு திறந்தே இருக்க வேண்டும், இரண்டு பேரில் ஒருவர் வராவிட்டால் மற்றவர் தனியாகப் போகக்கூடாது, இரு வீட்டுப் பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். என்ன உதவி செய்வது என்று நான் சொல்லி அனுப்புவதில்லை. போய் உட்காருங்கள், தண்ணீர் வாங்கிக் குடியுங்கள், பார்த்துவிட்டு வாருங்கள், அவ்வளவுதான்.

அப்படிப் போன ஒரு ஜோடி, ஓர் ஆச்சி வீட்டு அடுப்படியில் புது சிலிண்டர் மூலையில் நிற்பதையும், வெளியே மூன்று கல்லில் சுள்ளி எரிந்துகொண்டிருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். சிலிண்டர் போடுகிறவர் அவசரத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். வாயை மூடியிருக்கிற பிளாஸ்டிக் மூடியை நைலான் கயிற்றைப் பிடித்து இழுத்துத்தானே கழற்ற வேண்டும்? ஆச்சியின் விரல்கள் மூட்டுவாதத்தில் வளைந்து போனவை. இழுக்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் கேட்கக் கூச்சம், போன தடவையும் அவர்களைத்தானே கேட்டோம் என்று. பையன் மூடியைக் கழற்றி, உள்ளே ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பார்த்து, ரெகுலேட்டரை மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று சோதித்திருக்கிறான். ஒரு தம்ளர் கட்டன் காப்பி போட்டுக் கொடுத்தார்களாம்.

அடுத்த வாரம் வகுப்பில் அவன் இதைச் சொன்னபோது, இனிமேல் சிலிண்டர் வந்தால் போன் பண்ணுங்கள் என்று நம்பரைக் காலண்டரில் பெரிதாக எழுதிவிட்டு வந்ததாகவும் சொன்னான். அவன்கூடப் போன பையன் தலையை ஆட்டினான். "ஆச்சி பண்ண மாட்டாங்கக்கா. கேட்க வெட்கப்படுவாங்க." அன்று ரூத் 2-ஆம் அதிகாரத்தை எடுத்தேன், திட்டமிட்டிருந்த பாடத்தை விட்டுவிட்டு. வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விடச் சொன்னது லேவியராகமம் 19-இல் இருக்கிற கட்டளை. வயலுக்குச் சொந்தக்காரரான போவாஸ் அதற்கு மேலும் ஒன்று செய்கிறார். கதிர் பொறுக்க வந்த விதவை ரூத் எடுத்துக்கொள்ளும்படி, அரிக்கட்டிலிருந்தே கொஞ்சம் வேண்டுமென்றே சிந்திவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று வேலைக்காரரிடம் சொல்லி வைக்கிறார். ரூத்துக்கு அது தெரியாது. தான் உழைத்துப் பொறுக்கியதாக நினைத்து மடி நிறைய வாற்கோதுமையோடு மாமியாரிடம் போகிறாள். கேட்க வைக்காமலும் கூசிப்போக விடாமலும் கொடுப்பது எப்படி என்று பிள்ளைகளே பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் அடுப்படிக்குப் போகும்போதெல்லாம் சிலிண்டரை லேசாகச் சாய்த்துக் கனம் பார்ப்பது. தீரப்போகிற வாரத்தில் அந்தப் பக்கம் தற்செயலாக வருவதுபோல வருவது. ஆச்சிக்கு இன்றுவரை சிலிண்டர் மாட்ட ஆள் தேட வேண்டி வரவில்லை.

இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்கலாமா என்பதில் வகுப்பில் ஒரு பெரிய வாக்குவாதமே நடந்தது. வைக்கலாம் என்றவர்கள் மத்தேயு 5:16-ஐக் காட்டினார்கள், மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் கண்டு பிதாவை மகிமைப்படுத்த வேண்டும் என்று இருக்கிறதே. கூடாது என்றவர்கள் அடுத்த அதிகாரத்தைக் காட்டினார்கள், "உன் வலது கை செய்கிறதை உன் இடது கை அறியாதிருக்கக்கடவது." இரண்டும் ஒரே மலைப்பிரசங்கம். இரு தரப்பும் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசியதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். கடைசியில் ஒரு பெண் பிள்ளை, "நம்ம ஆச்சிக்கு சிலிண்டர் மாட்ட ஆள் இல்லன்னு துபாய்ல இருக்கிற அவங்க மகன் ஸ்டேட்டஸ்ல பார்த்தா ஆச்சிக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டதும் பேச்சு முடிந்தது. அதிலிருந்து உதவி பெறுகிறவர் முகம் தெரிகிற படம் எங்கள் வகுப்பில் எடுப்பதில்லை.

திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கும் டோனாவூர் எங்களுக்குத் தூரமில்லை. அயர்லாந்துக்காரரான மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-இல் இந்தியாவுக்கு வந்து, 1901 முதல் டோனாவூரில் இருந்து, இந்துக் கோயில்களுக்கு ஒப்படைக்கப்பட இருந்த பெண் குழந்தைகளுக்கு அடைக்கலம் கொடுத்தவர். 1931-இல் விழுந்து அடிபட்டபின் 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையறையிலேயே இருந்தார். தன் கல்லறைக்குக் கல் நாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டதால், பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, அதில் தாயைக் குறிக்கும் ஒரே ஒரு சொல்லை மட்டும் பொறித்தார்கள். ஸ்டேட்டஸ் சண்டை நடந்த வாரம் இதைச் சொன்னேன். விளக்கமெல்லாம் சொல்லவில்லை.

இதே காரணத்துக்காக நற்குணத்துக்குப் பரிசு கொடுப்பதையும் நான் எதிர்க்கிறேன். வசனப் போட்டிக்கு, பாட்டுக்கு, வினாடி வினாவுக்குக் கப்பும் சான்றிதழும் கொடுங்கள். நல்ல காரியம் செய்தால் சுவரில் நட்சத்திரம் ஒட்டுவது சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் சரி. பதினாறு வயதில் அது நடிக்கத்தான் கற்றுக்கொடுக்கும். அதேபோல, தப்பு செய்தவனுக்குத் தண்டனையாக வசனத்தை ஐம்பது தடவை எழுதச் சொல்வதும் வேண்டாம். அந்த வசனம் வாழ்நாள் முழுக்க அவனுக்குக் கசக்கும்.

போனில் நடக்கிறதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பையன் கோயிலில் வேதபாடம் வாசிக்கும்போது திக்கினான். அதை யாரோ பதிவு செய்து குரூப்பில் போட்டு, அவன் படத்தை ஸ்டிக்கராகவும் ஆக்கிவிட்டார்கள். நாங்கள் சிரிக்கவில்லையே என்று பலரும் சொன்னார்கள். யாக்கோபு 4:17 மறுபடி உதவியது. ஒருவன் மட்டும் அன்றே குரூப்பில் "டெலிட் பண்ணு" என்று எழுதி, அடுத்த ஞாயிறு அந்தப் பையனோடு பக்கத்தில் நின்று இருவருமாக மாறி மாறி வாசித்தான். குரூப்பை விட்டு வெளியேறுவது சுலபம். உள்ளே இருந்து ஒரு வரி எழுதுவதுதான் அந்த வயதுக்குக் கஷ்டம், அதைத்தான் நான் பிள்ளைகளிடம் கேட்கிறேன்.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து யாரும் விட்டுவிடாதீர்கள். நல்ல பிள்ளை என்றால் பெரியவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது என்று கற்றுக்கொடுத்து வைத்திருந்தால், ஒரு பெரியவரே தப்பாக நடக்கும்போது அந்தப் பிள்ளை வாயைத் திறக்காது. ஆகையால் யாத்திராகமம் 1-ஆம் அதிகாரத்தின் மருத்துவச்சிகளை நற்குணப் பாடத்தில் கட்டாயம் சேர்க்கிறேன். எபிரெயருக்கு ஆண்பிள்ளை பிறந்தால் கொன்றுபோடச் சொல்லி எகிப்தின் ராஜா பார்வோனே அவர்களுக்குக் கட்டளையிடுகிறான். சிப்பிராள், பூவாள் என்ற அந்த மருத்துவச்சிகள் தேவனுக்குப் பயந்து ராஜா சொன்னதைச் செய்யாமல் விட்டார்கள். தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார் என்று வேதம் சொல்கிறது. ஆக, சொல்கிறவர் யாராக இருந்தாலும் தீமைக்குக் கீழ்ப்படியாமல் இருப்பதும் நற்குணம்தான். யாராவது உங்களைத் தொடுகிற விதம், பேசுகிற விதம் சரியில்லை என்றால், அவர் உறவினரோ வாத்தியாரோ சபையில் பெரியவரோ, நீங்கள் பேசலாம், கத்தலாம், நம்புகிற ஒரு பெரியவரிடம் சொல்லலாம் என்று பையன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஒன்றாகவே சொல்வேன். 1098 என்ற சைல்டுலைன் எண்ணைப் பலகையில் எழுதி, நோட்டில் குறிக்கச் சொல்வேன். அந்தப் பாடத்துக்கு அப்புறம் எங்களிடம் வந்து பேசிய பிள்ளைகள் உண்டு. அதற்குமேல் அதை எழுத எனக்கு உரிமையில்லை. அப்படி ஒரு பிள்ளை வந்து பேசினால் முதலில் நம்புங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

பெரிய பிள்ளைகள் கேட்கிற கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, "கோயிலுக்கே வராத என் ஃபிரெண்ட் என்னைவிட நல்லவனா இருக்கானே, அக்கா?" என்பது. எங்கள் பிள்ளைகள் இந்து, இஸ்லாமிய நண்பர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறவர்கள். இந்தக் கேள்வியைக் கேட்பது நேர்மை, அதட்டி அடக்கினால் அந்தப் பிள்ளை இனி எதையும் கேட்காது. இயேசு நற்குணத்துக்கு உதாரணம் சொல்லவேண்டி வந்தபோது ஆசாரியனையும் லேவியனையும் தாண்டி யூதர் ஒதுக்கி வைத்த ஒரு சமாரியனைக் காட்டினாரே என்று லூக்கா 10-ஐ எடுப்பேன். நன்மையான எந்த ஈவும் பரத்திலிருந்துதான் வருகிறது என்கிறது யாக்கோபு 1:17. அப்படியென்றால் உன் நண்பனிடம் நீ பார்க்கிற நன்மைக்காகவும் தேவனைத் துதிக்கலாம், அவனிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். நமக்கு மட்டும் அது சொந்தம் என்று நினைப்பதில்தான் சிக்கல். தேவன் ஒருவர் தவிர நல்லவன் ஒருவனும் இல்லை என்று ஆண்டவரே சொன்னது லூக்கா 18-இல் இருக்கிறது.

"அப்போ எங்களால எப்படி முடியும்?" என்று அடுத்த கேள்வி வரும். இங்கேதான் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவைப் பற்றிச் சொல்வேன். இப்போதைய பிள்ளைகள் பிறக்கும் முன்னே நடந்தது. ஒடிசாவின் மனோகர்பூரில் 1999 ஜனவரியில் அவருடைய கணவர் கிரஹாமையும், பிலிப், திமோத்தி என்ற இரண்டு சின்ன மகன்களையும் ஜீப்பில் தூங்கும்போது தீ வைத்துக் கொன்றார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, பல வருடமாகத் தொழுநோயாளிகளைப் பராமரித்து வந்த குடும்பம். கொன்றவர்களைத் தான் மன்னிப்பதாக அவர் வெளிப்படையாகச் சொன்னார், மகளோடு இந்தியாவிலேயே தங்கித் தொழுநோயாளிகளுக்கான வேலையைத் தொடர்ந்தார். 2005-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நீதிமன்றத்தில் வழக்கு தன் வழியில் நடந்து தண்டனையும் வந்தது, மன்னிப்பு அதைத் தடுக்கவில்லை என்பதையும் பிள்ளைகளிடம் சேர்த்துச் சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் மன்னிப்பென்றால் குற்றத்தை மூடி மறைப்பது என்று புரிந்துகொள்வார்கள். "நீ தீமையினாலே வெல்லப்படாமல், தீமையை நன்மையினாலே வெல்லு" என்ற ரோமர் 12:21-ஐ வாசித்தபோது ஒரு பையன், "சத்தியமா என்னால முடியாதுக்கா" என்றான். கலாத்தியரில் இது ஆவியானவருடைய கனி என்றுதான் எழுதியிருக்கிறது, இன்னாருடைய சாதனை என்று எழுதவில்லை என்றேன். முடியாது என்பதை அப்படியே ஜெபத்தில் சொல்லச் சொன்னேன், அழகுபடுத்தாமல்.

அதற்காக வகுப்பின் கடைசியில் ஒரு சின்ன வழக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொருவரும் மனதில் ஒரே ஒரு பெயரை வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளியில், தெருவில், வீட்டில் யாராவது ஒருவர். பிடித்தவராக இருக்க வேண்டியதில்லை. மாதம் முழுக்க அந்தப் பெயருக்காக ஜெபித்து, அவருக்காக நான் செய்யவேண்டியது என்ன என்று ஆண்டவரிடம் கேட்க வேண்டும். யார் பெயர் என்று நான் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. செய்தார்களா என்றும் விசாரிப்பதில்லை. சில பிள்ளைகள் வருடக்கணக்கில் ஒரே பெயரை வைத்திருப்பது முகத்திலேயே தெரியும்.

பெற்றோர்கள் என்னிடம் வந்து, பிள்ளைக்கு நல்ல புத்தி சொல்லுங்கள் டீச்சர் என்பார்கள். சொல்கிறேன். ஆனால் சனிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி என்ன பேசினீர்களோ, அதைத்தான் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு வருகிறது. யாரையாவது பற்றி ஊரே தப்பாகப் பேசும்போது, பிள்ளை காதில் விழும்படி ஒரே ஒருமுறை, "அவரைப் பத்தி எனக்குத் தெரியும், அப்படிப்பட்டவர் இல்ல" என்று சொல்லிப் பாருங்கள். வேலைக்கு வருகிற அக்காவுக்கு எந்தத் தம்ளரில் காப்பி கொடுக்கிறீர்கள் என்பதையும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். இந்த வயதுக் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஆசிரியர்களுக்கும் இதேதான்.

புதிதாக வகுப்பெடுக்க வருகிறவர்கள் எத்தனை வாரம் ஒதுக்கலாம் என்று கேட்கிறார்கள். பர்னபாவுக்கு மட்டும் ஒரு மாதமாவது வேண்டும், அவசரப்படுத்தாதீர்கள். ஞாயிறு பள்ளித் தேர்வு நெருங்குகிறது என்றால், தேர்வுப் பாடத்தை முதல் அரைமணி நேரத்தில் முடித்துவிட்டு மீதியை இதற்கு வையுங்கள். ரூத்தை அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம் வைத்தால் நன்றாக ஒட்டும். மருத்துவச்சிகள் பாடத்தை எடுக்கும் நாளில் வகுப்பு முடிந்ததும் உடனே கிளம்பிவிடாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருங்கள். பேச வேண்டிய பிள்ளை எல்லோரும் போன பிறகுதான் வரும்.